கடற்கரை ஏன் ஒரே இடத்தில் நிற்பதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரைபடத்தில் கடற்கரை ஒரு கோடு. நேரில் போய் நின்றால் அந்தக் கோட்டைக் காணோம். காலையில் நடந்த இடத்தில் மாலையில் தண்ணீர் நிற்கிறது, போன வருடம் பார்த்த மணல்மேடு இந்த வருடம் இல்லை. எந்தக் கரையும் ஒரு வரவு செலவுக் கணக்குதான். ஆறும் ஓங்கலும் (கடலோரச் செங்குத்துப் பாறை) மணலை வரவு வைக்கின்றன, அலையும் காற்றும் செலவழிக்கின்றன. கீழே உள்ள கேள்விகள் பல திசைகளிலிருந்து வந்தாலும் பெரும்பாலானவை இந்தக் கணக்கில்தான் போய் முட்டுகின்றன.

கரைக்கு வரும் அலையோடு நடுக்கடல் நீரும் சேர்ந்து வருகிறதா?

வருவதில்லை. விளைந்த வயலில் காற்றடிக்கும்போது கதிர்களின் மேல் அலையலையாக ஒன்று ஓடும். கதிர் எதுவும் வயலைவிட்டு ஓடிவிடாது. நடுக்கடலிலும் அப்படித்தான்: நீர்த்துளிகள் ஏறத்தாழ வட்டமாகச் சுழன்று பழைய இடத்துக்கே வந்துவிடுகின்றன, முன்னே போவது ஆற்றல் மட்டும். இந்தச் சுழற்சி கீழே போகப் போகச் சிறுத்து, அலைநீளத்தில் பாதி ஆழத்தில் அநேகமாக அடங்கிவிடும். கரை நெருங்கி ஆழம் அதைவிடக் குறையும்போதுதான் அலை தரையை உணர்கிறது. அடிப்பகுதி உராய்ந்து அலையின் வேகம் குறைகிறது, பின்னால் வரும் அலைகள் நெருங்குகின்றன, உயரம் கூடுகிறது. ஆழம் அலையின் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்காக இருக்கும் இடத்தில் அலை நிலைகுலைந்து உடைகிறது. உடைந்த பிறகுதான் தண்ணீர் உண்மையிலேயே முன்னோக்கிப் பாய்கிறது. கரையில் நடக்கும் வேலை அனைத்தும் அந்தக் கடைசிச் சில மீட்டர்களில்தான்.

அலை எவ்வளவு பெரிதாகும் என்பதைக் காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி வீசும் கடற்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் பேரலை வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எங்கோ அடித்த புயல் அனுப்பிய அலை அது.

தண்ணீர் மென்மையானது. அது எப்படிப் பாறையை உடைக்கிறது?

தண்ணீர் மட்டும் தனியாக உடைப்பதில்லை. அதற்குக் கூட்டாளிகள் உண்டு. முதல் கூட்டாளி, பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: காற்று. அலை பாறையில் மோதும்போது விரிசல்களுக்குள் இருக்கும் காற்று சிக்கி நசுங்குகிறது. அலை விலகியதும் அந்தக் காற்று படாரென்று விரிகிறது. ஒவ்வொரு சில விநாடிக்கும் ஒரு முறை, நூற்றாண்டுக் கணக்கில் இது நடந்தால் எந்த விரிசலும் அகலத்தான் செய்யும். இரண்டாவது, அலை கையில் வைத்திருக்கும் கற்கள். கூழாங்கல்லையும் மணலையும் வாரி எறிந்து பாறையின் அடியைத் தேய்க்கிறது. எறிந்த கற்களும் ஒன்றோடொன்று மோதித் தேய்ந்து உருண்டையாகின்றன. சுண்ணாம்புப் பாறையாக இருந்தால் கரைதலும் சேர்ந்துகொள்ளும். அலை எட்டாத உயரத்தில் தெறித்த உப்புநீர் காய்ந்து, உப்புப் படிகங்கள் துளைகளுக்குள் வளர்ந்து பாறையைப் பொடிக்கும்.

வேகம் பாறையைப் பொறுத்தது. கருங்கல் கரையில் ஒரு மனிதனின் ஆயுளில் எதுவும் மாறியதாகத் தெரியாது. இங்கிலாந்தின் கிழக்கில் உள்ள ஹோல்டர்னஸ் கரை, பனியாறுகள் விட்டுச்சென்ற களிமண்ணால் ஆனது. அங்கே கரை ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை சராசரியாகப் பின்வாங்குகிறது. ரோமானியர் காலத்திலிருந்து இன்றுவரை அங்கே பல ஊர்கள் கடலுக்குள் போய்விட்டன.

கடல் குகை, வளைவு, தூண் மூன்றும் தனித்தனி நிலவடிவங்களா, ஒன்றின் பல வயதுகளா?

பெரும்பாலும் ஒன்றின் பல வயதுகள். கடலுக்குள் நீண்டிருக்கும் முனையில்தான் இது தொடங்கும், அதற்குக் காரணம் உண்டு. முனைக்கு எதிரே கடல் முதலில் ஆழம் குறைவதால் அலையின் அந்தப் பகுதி தாமதிக்கிறது, இரு பக்கமும் உள்ள பகுதிகள் முந்திக்கொண்டு வளைகின்றன. அதனால் அலைகள் முனையை மூன்று பக்கமும் சூழ்ந்து தாக்குகின்றன. பக்கத்து விரிகுடாவில் அதே அலை விரிந்து பலமிழக்கிறது. முனை தேய்வதும் விரிகுடாவில் மணல் சேர்வதும் ஒரே காரணத்தால்தான்.

முனையின் பலவீனமான விரிசல் குகையாகிறது. இரு பக்கக் குகைகள் சந்தித்தால், அல்லது ஒரே குகை மறுபக்கம் துளைத்துப் போனால் வளைவு. வளைவின் கூரை விழுந்தால் வெளிப்பக்கம் தனித்து நிற்பது தூண். தூணும் ஒருநாள் அடி தேய்ந்து விழ, ஓதம் (கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குவது) இறங்கும்போது மட்டும் தலைகாட்டும் அடிக்கட்டை மிஞ்சும். குகையின் கூரையில் மேல்நோக்கித் துளை விழுந்து, அலை வரும்போதெல்லாம் நீர் பீய்ச்சியடிக்கும் இடங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கியாமா அதற்குப் பேர்போனது.

இந்த மாற்றங்கள் இலட்சம் ஆண்டுக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கரையில் 'லண்டன் பாலம்' என்ற இரட்டை வளைவு இருந்தது. 1990 ஜனவரி 15 அன்று கரையோடு ஒட்டியிருந்த வளைவு இடிந்தது. மறுமுனையில் நின்றிருந்த இருவரை ஹெலிகாப்டர் போய் மீட்டது. மால்ட்டா நாட்டின் கோசோ தீவில் இருந்த 'நீலச் சாளரம்' 2017 மார்ச் 8 அன்று ஒரு புயலில் தூணோடு சேர்ந்து விழுந்தது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் 137 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஹோய் கிழவன் என்ற செம்மணற்கல் தூணைப் பார்ப்பவர்கள் அது ஆதிகாலத்தது என்று நினைப்பார்கள். 1750 வாக்கில் வரைந்த வரைபடத்தில் அந்த இடத்தில் தூண் இல்லை, நிலமுனைதான் இருக்கிறது. அதன்படி அந்தக் கிழவனுக்கு முந்நூறு வயதுகூட ஆகவில்லை.

ஓங்கலின் அடியில் தட்டையாக ஒரு பாறைத்தளம் இருக்கிறதே, அது எப்படி வந்தது?

ஓங்கல் பின்வாங்கிய பாதைதான் அது. அலை அடியைக் குடைய மேற்பகுதி விழுகிறது. விழுந்ததை அலை அள்ளிப்போக, மறுபடி குடைகிறது. ஒவ்வொரு முறையும் அடியில் மிஞ்சும் தளம் சற்று அகலமாகிறது. தளம் அகலமாக அகலமாக அலை அதன்மேலேயே உருண்டு களைத்துவிடுவதால் ஓங்கல் தேயும் வேகம் குறைகிறது. கடல் தன் வேலைக்குத் தானே போட்டுக்கொள்ளும் முட்டுக்கட்டை.

ஓதம் இதில் என்ன செய்கிறது?

அலை என்ற ரம்பம் எந்த உயரத்தில் ஓடவேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சொற்பம் என்பதால் அலை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் அறுக்கிறது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அந்த வித்தியாசம் 16 மீட்டரைத் தொடும். அங்கே அலையின் உழைப்பு ஐந்து மாடி உயரத்துக்குப் பரவிவிடுகிறது. ஓதம் பெரிதாக உள்ள, அலை அடங்கிய இடங்களில் சேற்றுத்தளங்களும் அலையாத்திக் காடுகளும் வரும். அலையாத்தியின் வேர்கள் நீரை நிதானப்படுத்த, மிதந்து வந்த நுண்சேறு படிகிறது.

மணல் எங்கிருந்து வருகிறது? ஏன் ஒவ்வொரு கரையிலும் ஒரு நிறம்?

பெரும்பங்கு ஆறுகள் கொண்டுவந்தது. மலையில் உடைந்த பாறையில் மற்ற கனிமங்கள் வழியிலேயே சிதைந்துவிட, கடினமான குவார்ட்ஸ் தாக்குப்பிடித்துக் கடல்வரை வந்துசேர்கிறது. வெளிர் மஞ்சள் கரைகள் அதனால்தான். எரிமலைப் பாறை உடைந்தால் கறுப்பு மணல், ஐஸ்லாந்தின் தென்கரையைப்போல. ஹவாய்த் தீவில் ஒலிவின் என்ற கனிமம் மிகுந்து பச்சையாகவே ஒரு கரை இருக்கிறது.

பவளத் தீவுகளின் தூய வெண்மணலில் கணிசமான பகுதி கிளிமீன்களின் கழிவு. பாசிக்காகப் பவளத்தை அலகால் கடித்து, அரைத்து, சுண்ணாம்புத் தூளாக வெளியேற்றுகின்றன. விளம்பரப் படங்களில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரே கடற்கரை சில மாதம் அகலமாகவும் சில மாதம் குறுகலாகவும் இருப்பது ஏன்?

அமைதியான காலத்தில் அலைகள் தாழ்வாக, இடைவெளி விட்டு வருகின்றன. கரையேறும் நீரில் ஒரு பகுதி மணலுக்குள் இறங்கிவிடுவதால், திரும்பும் நீருக்கு மணலை இழுத்துப்போகப் பலம் போதாது. கொண்டுவந்ததைப் போட்டுவிட்டுப் போகிறது. புயல் காலத்தில் அலைகள் செங்குத்தாக, அடுத்தடுத்து வருகின்றன. மணல் முன்பே நனைந்து ஊறியிருப்பதால் நீர் உள்ளே இறங்க வழியில்லை, அத்தனையும் வேகமாகத் திரும்பி மணலைக் கடலுக்குள் இழுத்துச் செல்கிறது.

போன மணல் தொலைந்துவிடவில்லை. கரைக்குச் சற்று அப்பால் நீருக்கடியில் மேடாகக் கிடக்கிறது. அடுத்த பெரிய அலைகள் அந்த மேட்டில் மோதி அங்கேயே உடைவதால் கரை தப்புகிறது. புயல் ஓய்ந்ததும் சிறிய அலைகள் அதைச் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொண்டுவருகின்றன. ஒரே ஒரு புயலுக்குப் பின் எடுத்த படத்தை வைத்துக் 'கடல் கரையை விழுங்கிவிட்டது' என்று எழுதுவது அவசர முடிவு. பல ஆண்டுகள் பார்த்தும் வரவைவிடச் செலவு கூடுதலாக இருந்தால்தான் அதை அரிப்பு என்று சொல்லவேண்டும்.

காற்று உலர்மணலை உள்பக்கம் தள்ளிக் குவிக்கும் மேடுகளும் இந்தக் கணக்கில் ஒரு சேமிப்புதான். பேரலை வரும் நாளில் கரை அங்கிருந்து மணல் எடுத்துக்கொள்கிறது. அலை கொண்டுவந்து குவித்த மணலுக்குச் சங்கத் தமிழில் 'எக்கர்' என்று தனிச்சொல்லே உண்டு. அது வழக்கொழிந்தது எனக்கு வருத்தம்தான்.

மணல் கரையோரமாக 'நடக்கிறது' என்கிறார்களே?

உண்மை. அலைகள் கரைக்கு நேராக வருவது அபூர்வம், பெரும்பாலும் சாய்வாகவே வரும். மணற்துகள் அலையோடு சாய்வாக மேலேறுகிறது, ஆனால் சரிவு எப்படியோ அப்படி நேராகக் கீழிறங்குகிறது. அடுத்த அலை மறுபடி சாய்வாக ஏற்றுகிறது. இப்படி நெளிந்து நெளிந்து ஒரு திசையில் போய்க்கொண்டே இருக்கும். உடையும் அலைகள் கரையை ஒட்டி உண்டாக்கும் நீரோட்டமும் அதே திசையில் மணலைத் தள்ளும். பருவக்காற்று மாறினால் திசையும் மாறலாம். முக்கியமானது ஆண்டு முடிவில் எந்தப் பக்கம் நிகரமாக எவ்வளவு போனது என்பதே. நாம் ஒரு கரையில் நிற்கும்போது காலடியில் இருப்பது வழிப்போக்கு மணல்.

கரை திடீரென்று திரும்பும் இடத்தில் இந்த மணல் திரும்பாமல் நேராகக் கடலுக்குள் படிந்துகொண்டே போனால் மணல் நாக்கு உண்டாகிறது. ஹோல்டர்னஸ் கரையில் அரித்த மண்ணின் ஒரு பகுதி தெற்கே போய் ஸ்பர்ன் என்ற நீண்ட நாக்கை வளர்த்தது. 2013 டிசம்பரில் புயலோடு பொங்கிய கடல் அதன் கழுத்தை அறுத்துவிட, இப்போது பெரிய ஓதம் ஏறும்போது முனைப்பகுதி தீவாகிவிடுகிறது.

மணற்பாலம் ஒரு தீவைக் கரையோடு சேர்த்துவிடுவதும் உண்டு. இங்கிலாந்தின் செசில் கரை 29 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூழாங்கற்களால் ஆன வரப்பு, போர்ட்லாந்து தீவை நிலத்தோடு இணைக்கிறது. மேற்கு முனையில் கற்கள் பட்டாணி அளவு, போர்ட்லாந்து பக்கம் கைமுட்டி அளவு. இருட்டில் கரையேறுகிற மீனவர் கல்லின் அளவைத் தடவியே எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடுவாராம்.

நிலத்துக்கு இணையாக, நீளமான மணல் தீவுகள் ஏன் சில இடங்களில் மட்டும்?

மணல் நிறைய, சரிவு குறைவு, ஓதம் மிதம் என்ற மூன்றும் கூடிய இடங்களில் தடுப்புத் தீவுகள் வரும். டெக்சாஸின் பாட்ரே தீவு சுமார் 180 கிலோமீட்டர் நீளம். உள்பக்கம் அடைபட்ட நீர்தான் உப்பங்கழி, காயல். ஒடிஷாவின் சிலிகா ஏரியும் அப்படி மணல் வரப்பால் கடலிலிருந்து பிரிந்ததே. அதன் முகத்துவாரம் மணலால் நகர்ந்து நகர்ந்து அடைபட்டு, ஏரியின் உப்புத்தன்மையும் மீன்வளமும் குறைந்தபோது, 2000ஆம் ஆண்டில் புதிதாக ஒரு வாய் வெட்டினார்கள். மீன்வளம் திரும்பியது.

தடுப்புத் தீவுகள் நிலத்தை நோக்கி உருளும். புயலலை முன்பக்க மணலை அள்ளித் தீவைத் தாண்டிப் பின்பக்கம் கொட்டுகிறது, முன்பக்கம் கரைய பின்பக்கம் வளர்கிறது. தீவுக்கு இதனால் நஷ்டமில்லை, அதன்மேல் கட்டியவர்களுக்குத்தான். அமெரிக்காவின் ஹட்டராஸ் முனையில் 1870இல் கடலிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கட்டிய கலங்கரை விளக்கத்தின் வாசலுக்கே கடல் வந்துவிட, 1999இல் அதை அப்படியே தண்டவாளத்தில் ஏற்றி ஏறத்தாழ 880 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள்.

தூண்டில் வளைவு போட்டால் அரிப்பு நின்றுவிடுமா?

போட்ட இடத்தில் நிற்கும், பக்கத்தில் தொடங்கும். கடலுக்குள் நீட்டிய கற்சுவர் நடந்துபோகும் மணலை மறிக்கிறது. வரும் திசையில் மணல் சேர்ந்து கரை அகலமாகிறது. மறுபக்கம் மணல் வரவில்லை, ஆனால் அலை வழக்கம்போல எடுத்துக்கொண்டேதான் இருக்கும். அடுத்த ஊரார் தங்களுக்கும் ஒரு வளைவு கேட்பார்கள். அதற்கடுத்த ஊர் பாதிக்கும்.

துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரும் இதையே செய்கிறது. சென்னைத் துறைமுகம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலுக்குள் கைநீட்டிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. இன்று மெரினா இவ்வளவு அகலமாக இருப்பதற்கு அது பெரும் காரணம். வடக்கே இராயபுரம் பக்கம் கரை கரைந்தது. ஒரே சுவரின் இரண்டு முகங்கள்.

மணலை அள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் டெவன் கரையில் இருந்த ஹால்சாண்ட்ஸ் என்ற மீனவர் ஊரைப் பார்க்கலாம். 1897இல் கடற்படைத் துறைமுக விரிவாக்கத்துக்காக அந்த ஊருக்கு எதிரே கடலடிக் கூழாங்கற்களை இலட்சக்கணக்கான டன் அள்ளினார்கள். அலை மறுபடி கொண்டுவந்து நிரப்பிவிடும் என்று நம்பினார்கள். அந்தக் கற்களோ பனியுகம் முடிந்த காலத்தில் வந்து சேர்ந்த பழைய முதல், புதிய வரவே கிடையாது. ஊருக்கு முன்னால் இருந்த கரை பல மீட்டர் தாழ்ந்தது. 1902இல் அள்ளுவதை நிறுத்தியும் பயனில்லை. 1917 ஜனவரியில் வந்த புயலில் ஊர் அழிந்தது.

கரையோரத்தில் கருங்கல் கொட்டுவதும் நிரந்தரத் தீர்வு இல்லை. சுவரில் மோதும் அலை பலமிழக்காமல் திரும்பி, சுவருக்கு முன்னால் இருக்கும் மணலைத் தோண்டுகிறது. நெதர்லாந்து வேறு வழியில் போனது. 2011இல் ஹேக் நகரத்தின் அருகே 2.15 கோடி கனமீட்டர் மணலைக் கொக்கி வடிவத் தீபகற்பமாகக் கொட்டி, அலையும் காற்றுமே அதைக் கரை நெடுகப் பங்கிடட்டும் என்று விட்டார்கள். அதற்கு மணல் வேண்டும், பணம் வேண்டும், எல்லா ஊருக்கும் அது வாய்க்காது. என்னைக் கேட்டால், கடலுக்கு மிக அருகே கட்டாமல் இருப்பதே மலிவு. கட்டி முடித்த பிறகு கேட்பவருக்கு இந்தப் பதில் உதவாது என்பதும் தெரியும்.

சில ஆறுகளுக்கு டெல்டா இருக்கிறது, சிலவற்றுக்கு ஏன் இல்லை?

ஆறு கொட்டும் வேகம் கடல் எடுக்கும் வேகத்தைவிடக் கூடினால் டெல்டா. கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. அதனால்தான் அத்தனை பெரிய டெல்டா. ஓதம் வலுவாக உள்ள இடத்திலும், பள்ளத்தாக்கு கடலில் மூழ்கிய இடத்திலும் ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் வாய் அகன்ற பொங்குமுகமே மிஞ்சும்.

டெல்டா தன் எடையாலேயே மெல்ல அமுங்கிக்கொண்டிருக்கும். வண்டல் வந்துகொண்டே இருந்தால்தான் ஈடுகட்ட முடியும். 1970இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடித்த பின் நைல் நதியின் வண்டல் அணைக்குப் பின்னால் நின்றுவிட்டது. நைலின் ஒரு கிளை கடலில் சேரும் ரொசெட்டா முனையில் கடல் வேகமாக உள்ளே வந்தது. அரிப்புக்கான காரணத்தைச் சில வேளை கடலோரத்தில் தேடக்கூடாது, ஆயிரம் கிலோமீட்டர் மேலே தேட வேண்டும்.

கடல் மட்டம் முன்பும் மாறியிருக்கிறதா?

20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருக உருக ஏறி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்தான் இன்றைய மட்டத்தை நெருங்கியது. நாம் காணும் கடற்கரைகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு செதுக்கியவை. மலைகளோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்தவை.

ஏறிய கடல் ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்த இடங்களில் கிளைகிளையான துறைமுகங்கள் கிடைத்தன. சிட்னி துறைமுகம் அப்படி ஒன்று. பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் புகுந்தால் ஃபியோர்டு. நார்வேயின் சோக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போகிறது, ஆழம் 1,300 மீட்டர். வாயருகே மட்டும் ஆழம் வெகுவாகக் குறையும், ஏனெனில் பனியாறு அங்கே மெலிந்து குடையும் பலத்தை இழந்திருந்தது.

நிலமே உயர்வதும் தாழ்வதும் உண்டா?

உண்டு. ஸ்வீடனின் உயர்கரையில், பனிப்பாளத்தின் எடை நீங்கிய நிலம் இன்னும் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர் வாக்கில் எழும்பிக்கொண்டிருக்கிறது. பழைய கடற்கரைக் கூழாங்கற்கள் இப்போது 286 மீட்டர் உயரத்தில் கிடக்கின்றன. மெதுவாக மட்டுமல்ல, சில நிமிடங்களிலும் நடக்கும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனது. அதே நிலநடுக்கத்தில் வட அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து, பவளப் பாறைகள் நீருக்கு வெளியே வந்து மடிந்தன.

நடுக்கடலில் வளையம்போல் பவளத் தீவுகள் எப்படி?

1842இல் டார்வின் சொன்ன விளக்கம்: எரிமலைத் தீவைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. தீவு மெல்ல அமிழ்கிறது. வெளிச்சம் தேவைப்படும் பவளம் அதே வேகத்தில் மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே போகிறது. கடைசியில் தீவு மறைய வளையம் மட்டும் மிஞ்சுகிறது. அப்படியானால் அடியில் எரிமலைப் பாறை இருக்கவேண்டுமே? நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து, 1952இல் பசிபிக்கின் எனிவெடாக் தீவில் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் அதிகமான பவளச் சுண்ணாம்புக்குக் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது.

அலை குறைவாகத் தெரியும் இடம்தான் குளிக்கப் பாதுகாப்பானதா?

அதுவே சில வேளை மிக ஆபத்தான இடம். அலைகள் கரையில் குவித்த நீர் எங்காவது திரும்ப வேண்டும். நீருக்கடி மணல்மேட்டில் உள்ள இடைவெளி வழியாக அது குறுகிய ஓட்டமாகக் கடலுக்குள் பாய்கிறது. அங்கே ஆழம் கூடுதல் என்பதால் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும். வேகம் விநாடிக்கு 2 மீட்டரையும் தாண்டலாம், தேர்ந்த நீச்சல்காரராலும் எதிர்த்து நீந்த முடியாது. அது கீழே இழுக்காது, வெளியேதான் இழுக்கும். சிக்கினால் எதிர்த்து மல்லுக்கட்டாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தைவிட்டு வெளியேறி, பிறகு கரைக்குத் திரும்பவேண்டும்.

ஒரு நாட்டின் கடற்கரை நீளம் ஏன் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எண்ணாக இருக்கிறது?

நீண்ட கோலால் அளந்தால் சிறு வளைவுகள் தப்பிவிடும், சிறிய கோலால் அளந்தால் அவையும் கணக்கில் சேரும். கோல் சிறுக்கச் சிறுக்க நீளம் கூடிக்கொண்டே போகும். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற அறிவியலாளர் கவனித்த இந்த விந்தையை 1967இல் கணித அறிஞர் மாண்டல்பிராட் பிரிட்டன் கரையை வைத்துப் பிரபலமாக்கினார். இந்தியாவின் கடற்கரை நீளம் பல ஆண்டுகளாக 7,516 கிலோமீட்டர் என்றே பாடப்புத்தகங்களில் இருந்தது. நுணுக்கமான வரைபடத்தை வைத்து மறுபடி அளந்ததில் அது 11,098 கிலோமீட்டர் ஆனது. கரை வளரவில்லை, பழைய அளவையில் விட்டுப்போன கழிகளும் முகத்துவாரங்களும் இப்போது உள்ளே வந்திருக்கின்றன.